பித்தப்பைச் சித்தப்பா

பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவளுக்கு, வருகிறவர்களை வரவேற்பதைவிட வந்த வழியே அனுப்பி வைப்பதுதான் நன்றாகக் கைவரும். வீங்கிய கன்னத்தோடு வந்து நிற்கிற ஆளிடம்கூட, முகம் சுளிக்காமல், குரலை உயர்த்தாமல், 'வியாழக்கிழமை வாங்க' என்று சொல்லி, அவரே நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி செய்துவிடுவாள். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். எலும்பும் தோலுமாக இருந்த காலத்தில் அண்ணன் வைத்தது. இப்போது ஐம்பதைத் தாண்டி, நிலைப்படியில் நின்றால் வாசலே தெரியாத அளவுக்கு ஆகிவிட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை.

அந்த அண்ணன்தான் போய்விட்டார். ஃப்ரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கிறவர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு காலை ஷூவுக்குள் விட்டவர், மற்ற காலை விடுவதற்குள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தூர ஊரில் வேலை பார்க்கிற மகன் வந்தான், ஆக வேண்டியதையெல்லாம் பார்த்தான், லீவு முடிந்ததும் கிளம்பினான். கிளம்பும்போது பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அம்மாவைத் தனியா விட்டுடாதீங்க. யாரும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கோங்க" என்றான்.

இரண்டு வாக்கியத்தில் பொடிசின் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றது இரண்டாவதுதான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட டாக்டரிடம் லீவு வாங்கி, ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

அண்ணி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். தொளதொளத்த பேண்ட்டைப் பிடிப்பது, பிடித்த சட்டையைப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று கூடத்து ஜன்னலோரம் ஒரு மெஷினும் அதைச் சுற்றி அடுத்தவர்கள் துணியுமாக இருப்பாள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அண்ணன் பேசிக்கொண்டிருந்ததால் அதற்குத் தேவையும் இருந்ததில்லை.

பொடிசு வந்த அன்றே துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் லட்சணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாடி வீட்டம்மா செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பிப்பாள். அண்ணி எழுந்து போய் அவளைத் தாங்கிப் பிடித்து, சோபாவில் உட்கார வைத்து, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்று சமாதானம் சொல்லவேண்டும். போகும்போது மாடி வீட்டம்மா மூக்கைத் துடைத்தபடி, "இப்பதான் எனக்குக் கொஞ்சம் பரவாயில்ல" என்பாள். ஒரு தூரத்து உறவுக்காரர் வந்து, "கஷ்டப்படாம போயிட்டாரு, கொடுத்து வெச்சவரு" என்று, அண்ணனுக்கு ஏதோ குலுக்கலில் பரிசு விழுந்த மாதிரி பேசிவிட்டுப் போனார்.

அண்ணன் வேலை செய்த பட்டறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வரிசையாக உட்கார்ந்து, முழங்காலைப் பார்த்தபடி தேநீர் குடித்தார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அந்த நிசப்தத்தில் சமையலறையிலிருந்து ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி, கடகடவென்று உதறிக்கொண்டு நின்றது. 'ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்' என்று அண்ணன் சொல்லிச் சொல்லியே வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட ஃப்ரிட்ஜ் அது.

மூவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"ஃபேன் மோட்டார்" என்றார் நெட்டையாக இருந்தவர்.

"கம்ப்ரஸர்" என்றார் மீசைக்காரர்.

மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு உறுமலுக்காகக் காத்திருந்துவிட்டு, "அடியில ரப்பர் போயிருக்கு" என்றார். பிறகு மூவரும் அதைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். "பாத்துக் கொடுத்துடட்டுமாக்கா?" என்று நெட்டையர் கேட்டதற்கு அண்ணி, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொடிசு பொறுத்துக்கொண்டிருப்பாள். அதன் பிறகு சித்தப்பா வந்தார்.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி, அண்ணிக்குச் சின்ன மாமனார். சில வருடங்களுக்கு முன்னால் அவருக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் ஆனது. கல் வெளியே வந்துவிட்டது. கதைதான் இன்னும் வந்துகொண்டிருந்தது. கடையில், பஸ்ஸில், முடிவெட்டும் நாற்காலியில், எங்கே யார் அகப்பட்டாலும் அவர் ஆரம்பித்துவிடுவார். கழுத்தில் துணி கட்டி உட்கார்த்தப்பட்டிருப்பவர் அவர்தான் என்றாலும் தப்பிக்க வழி தேடுவது முடிவெட்டுகிறவராக இருக்கும். குடும்பத்தில் பலபேருக்கு அவருடைய வயிற்றுவலி ஆரம்பித்த இடம்வரை மனப்பாடம். அதற்கு மேல் யாரும் இருந்து கேட்டதில்லை.

பழப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சித்தப்பா அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். அண்ணன் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எனக்கும் இப்படித்தாம்மா" என்றார். "ஒரு நாள் சாயந்தரம், வலது பக்கம் விலாவுக்குக் கீழ, சுருக்குனு."

சமையலறையில் நின்ற பொடிசுக்கு ரத்தம் கொதித்தது. செத்துப்போனவன் வீட்டில், செத்துப்போனவன் மனைவியிடம் சொல்லுகிற விஷயமா இது? பாத்திரத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். நடுவில் குறுக்கே நடந்து பார்த்தாள். சித்தப்பா அசரவில்லை. சுருக்கென்ற வலி முதுகுக்குப் போனது, வாயுவென்று நினைத்து இஞ்சி தின்றது, முதல் டாக்டர், அவருக்கும் இரண்டாவது டாக்டருக்கும் இருந்த பகை, ஸ்கேன் அறையின் குளிர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணி தலையைக் குனிந்து, கையில் இருந்த பட்டன் ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். பாவம், வாயில்லாப் பூச்சி, மாட்டிக்கொண்டுவிட்டாள் என்று பொடிசு நினைத்தாள்.

"அப்புறம் என்னை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி, ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோனாங்க" என்று சித்தப்பா மூச்சு வாங்க நிறுத்தியதுதான் தாமதம், பொடிசு உள்ளே புகுந்தாள்.

"அண்ணி, மாத்திரை சாப்பிடற நேரம்."

அண்ணி எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவள் அல்ல. குழப்பமாக நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் பொடிசின் குரலில் பல் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாமல் எழுந்தாள். சித்தப்பாவும் எழுந்தார்.

மறுநாளிலிருந்து பொடிசு ஒரு நாற்காலியை வாசலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

மாடி வீட்டம்மாவை அவள் படிக்கட்டிலேயே மடக்கினாள். "நீங்க ரொம்பக் கலங்கிப்போயிருக்கீங்க. முதல்ல நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று கரிசனமாகச் சொன்னதில் அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் மாடிக்கே திரும்பிவிட்டாள். பட்டறைக்காரர்களிடம், "முன்னாடியே சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். துக்கம் விசாரிக்க முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டுமா என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினாள். தூரத்து உறவுக்காரர் வந்தபோது, அண்ணிக்குத் தொற்றக்கூடிய இருமல் என்றாள். அவர் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

சித்தப்பா மறுபடியும் பழப்பையோடு வந்தார். பொடிசு கதவைத் தன் முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் திறந்தாள்.

"அண்ணி படுத்திருக்காங்க சித்தப்பா."

"மெஷின் சத்தம் கேக்குதே."

"அது பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டுல மெஷின் இருக்கா?"

"இப்பதான் வாங்கினாங்க."

சித்தப்பா யோசித்தார். "ஒரு அஞ்சே நிமிஷம் இருந்துட்டு..."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா சித்தப்பா?"

அது சற்றே அதிகம்தான் என்று சொன்ன பிறகு அவளுக்கே தோன்றியது. சித்தப்பா பழப்பையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கடைசியில் கதவிடுக்கு வழியாக நீட்டிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார்.

வீடு அமைதியாகிவிட்டது. பொடிசுக்குப் பெருமை பிடிபடவில்லை. இனிமேல்தான் அண்ணியைச் சரியாகக் கவனிக்க முடியும் என்று முழுமூச்சாக இறங்கினாள். வேளாவேளைக்குச் சமைத்தாள். ஜன்னல் திரையைத் துவைத்தாள். பல் ஆஸ்பத்திரிப் பத்திரிகைகளில் படித்திருந்தபடி மனதில் இருப்பதை வெளியே கொட்டச் சொன்னாள். காலையில் ஒருமுறை, காப்பியோடு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால் என்று "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று கேட்டாள். அண்ணி "இருக்கேன்" என்றாள். சில சமயம் "பரவாயில்ல" என்றாள். சாப்பிட்டது பாதி, தட்டில் இருந்தது பாதி. கண்ணுக்குக் கீழே கருவளையம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம், ஒரு பேண்ட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்காமல் கேட்டாள்: "மாமா ஏன் அப்புறம் வரவே இல்ல?"

"எந்த மாமா?"

"சின்ன மாமா. பித்தப்பை."

"வந்தார். நான்தான் அனுப்பிட்டேன்" என்றாள் பொடிசு, பாராட்டை எதிர்பார்த்து. "ஒவ்வொருத்தரும் வந்து உங்க உயிரை எடுக்கறாங்க. அதுலயும் அவர் இருக்காரே."

அண்ணி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏன் அனுப்பின?"

"அண்ணி, அவர் அன்னிக்கு உங்களை எழுந்திருக்கவே விடல. இஞ்சி தின்னதைப் பத்தியே அரை மணி நேரம் சொன்னார்."

"சொல்லட்டுமே. அவர் பேசறப்ப நான் ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். நீ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எப்படி இருக்கேன்னு கேக்கற. ஒவ்வொரு தடவையும் நான் எப்படி இருக்கேன்னு உள்ள போய்ப் பாத்துட்டு வர வேண்டியிருக்கு. அங்க எனக்குப் போகப் பிடிக்கல."

பொடிசுக்குச் சுருக்கென்றது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே அல்ல, நெஞ்சிலேயே.

"அதோட," என்று அண்ணி தொடர்ந்தாள், "அந்த ஆபரேஷனுக்கு உங்க அண்ணன்தான் கூடப் போய் இருந்தார். ஆஸ்பத்திரின்னா அவருக்கு ஆகாது, உனக்கே தெரியும். ஆனா போனார். திரும்பி வந்து அங்க என்ன நடந்துதுன்னு வாயே திறக்கல. கேட்டா சிரிப்பார். அன்னிக்கு மாமா சொல்லச் சொல்ல நான் காத்திட்டு இருந்தேன். வயித்துவலி வந்தது, டாக்டர் வந்தார், ஸ்கேன் வந்தது. உங்க அண்ணன் இன்னும் கதையில வரல. அவர் வர்றதுக்குள்ள நீ மாத்திரைன்னு வந்துட்ட."

பொடிசு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

சித்தப்பா வீட்டில் கதவைத் திறந்தவள் சித்தி. விஷயத்தைக் கேட்டதும் சித்தியின் முகம் மலர்ந்தது. "தாராளமாக் கூட்டிட்டுப் போ. இருட்டற வரைக்கும் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, "உங்க கதையைக் கேக்க ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். பல வருடங்களில் அந்த வீட்டில் அப்படி ஒரு அறிவிப்பு வந்ததில்லை.

சித்தப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "எதுக்கு? பக்கத்து வீட்டுல மெஷின் ரிப்பேரா?"

"தப்புதான் சித்தப்பா. அண்ணி உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மிச்சக் கதையைக் கேக்கணுமாம்."

"சும்மா சொல்லாத. எங்க விட்டேன்னு சொல்லு பாப்போம்."

யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாத பொடிசு, பரீட்சை எழுதுகிறவள்போல் நின்றாள். "ஸ்ட்ரெச்சர். ஆபரேஷன் தியேட்டர் வாசல்."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அவர் கண்கள் கலங்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"சாவு வீட்டுல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் சித்தப்பா. "வாயைத் திறந்தா அழுதுடுவேனோன்னு பயம். உங்க அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். அவன் இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருந்தான். இப்ப சொல்லலாம். ஆனா நடுவுலேர்ந்து எனக்குச் சொல்ல வராது. முதல்லேர்ந்து வந்தாத்தான் வரும்."

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக் கூடத்தில் சித்தப்பா பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அவர் படியேறியதைப் பார்த்துவிட்டு மாடி வீட்டம்மாவும் இறங்கி வந்து, பொடிசு தடுக்கவில்லை என்றதும் சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்த பட்டறைக்காரர்கள் சொன்ன வாரத்தில் தவறாமல் வந்து நின்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு வந்தும் சித்தப்பா உள்ளே போகவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஸ்கேன் அறையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். மயக்க ஊசி போட்டு எண்ணச் சொன்ன இடத்தில் ஃப்ரிட்ஜ் உறுமிக் கடகடத்தது.

அண்ணி நெட்டையரைப் பார்த்தாள். "அதைக் கொஞ்சம் பாத்துடுங்க. மாமா சொல்றது காதுல விழல."

மூன்று பேரும் சமையலறைக்கு ஓடினார்கள். கம்ப்ரஸர் இல்லை, ஃபேன் மோட்டாரும் இல்லை. மூன்றாமவர் ரப்பர் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வெற்றியோடு திரும்பி வந்தபோது, கதையில் சித்தப்பாவுக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது.

"கண்ணைத் திறந்தா ஒருத்தரும் இல்ல. உன் வீட்டுக்காரன் கூட இருப்பான்னு சொன்னாங்களே, எங்கன்னு கேக்கக்கூட வாய் வரல. நாக்கு கட்டை மாதிரி. அவன் எங்க இருந்தான் தெரியுமா? ரெண்டு அறை தள்ளி, வேற ஒரு ஆள் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தான்."

"யார் கையை?" என்றாள் அண்ணி.

"யாருன்னு யாருக்குத் தெரியும்? என்னை மாதிரியே வழுக்கை. மூக்குல குழாய், கழுத்து வரைக்கும் போர்வை. இவன்தான் ஆஸ்பத்திரின்னா கண்ணைத் திறக்க மாட்டானே. உள்ள வந்ததும் கையைப் பிடிச்சு, கண்ணை இறுக்கி மூடிட்டு, 'ஒண்ணும் இல்ல சித்தப்பா, நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்லிட்டே இருந்திருக்கான். மத்தியானத்துலேர்ந்து. நர்ஸ் வந்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டப்பதான் கண்ணைத் திறந்திருக்கான்."

மீசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எழுந்து ஓடி வந்தானா? இல்ல. அந்த ஆள் கையை விடலையாம். அவரைப் பாக்க யாரும் வர்றதில்லையாம். 'பரவாயில்ல தம்பி, நீங்க சித்தப்பான்னே கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டாராம். அப்புறம் நான் ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை நாளும் அந்த அறைக்கும் இந்த அறைக்கும் ஓடிட்டே இருந்தான். வீட்டுலேர்ந்து எனக்குன்னு கொடுத்தனுப்பின சூப்புல பாதி அவருக்குப் போச்சு. கேட்டா, 'அவருக்குக் கல் பெருசு சித்தப்பா'ங்கறான்."

அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்து மாடி வீட்டம்மா தண்ணீருக்கு எழுந்தாள். விக்கல் அல்ல. அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பட்டறைக்காரர்கள் மூவரும், அனுமதி கிடைத்துவிட்டாற்போல், வெடித்துச் சிரித்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு வாக்கு வாங்கினான்" என்றார் சித்தப்பா. "'வேற யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. பொடிசுக்கு மட்டும் தெரியக் கூடாது சித்தப்பா, ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கிடுவா'ன்னான்."

எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த பொடிசுக்கு, அது எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை. ஆமாம், வாங்கியிருப்பாள். பார்க்கும்போதெல்லாம் 'இது நம்ம சித்தப்பாதானே, நல்லாப் பாத்துக்கோ' என்று சொல்லியிருப்பாள். சொல்ல இப்போது ஆள் இல்லை. அண்ணன் போன நாளிலிருந்து அவள் சமைத்தாள், துவைத்தாள், ஆட்களை விரட்டினாள், ஒருதரம்கூட அழுதிருக்கவில்லை. இப்போது ஊருக்கே கேட்கிறாற்போல் அழுதாள். மாடி வீட்டம்மா அண்ணிக்கென்று கொண்டுவந்த தண்ணீரை வழியிலேயே திருப்பி இவளிடம் கொடுத்தாள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தேற்றிக்கொள்ளச் சொல்லவும் இல்லை. சித்தப்பாதான் தவித்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க சொல்லுங்க" என்றாள் அண்ணி, பொடிசின் முதுகைத் தடவியபடி. "தையல் பிரிக்கறதுக்கு என்னிக்கு வரச் சொன்னாங்க?"

சித்தப்பா நன்றியோடு அவளைப் பார்த்தார். சொன்னார்.

அடுத்த வாரம் பொடிசு வேலைக்குத் திரும்பினாள். சித்தப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் அண்ணி வீட்டுக்குப் போகிறார். அவர் பேசப் பேச அண்ணி ஜிப் மாற்றுகிறாள், பட்டன் தைக்கிறாள். நடுவில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை, குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார். சித்தி, அண்ணிக்கு அடிக்கடி ஏதாவது செய்து அனுப்புகிறாள். பொடிசு சாயங்காலம் வேலை முடிந்ததும் அண்ணிக்குப் போன் செய்கிறாள். எப்படி இருக்கீங்க என்று வாய் வரை வருவதை விழுங்கிவிட்டு வேறு கேட்கிறாள்.

"இன்னிக்கு எந்தக் கதை அண்ணி?"

"முட்டி. எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கார்."

"எடுத்தாச்சா?"

"எங்க? இன்னும் பஸ்ஸுக்கு நின்னுட்டு இருக்கார்" என்றாள் அண்ணி.